ஜிம்மி தண்ணீர் குடிக்கவில்லை

அன்றைக்குக் கோப்பாய் வீட்டில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், வீட்டைப் பார்த்துக்கொள்கிற இரத்தினம் அண்ணை, ஜிம்மி. லண்டனில் இருந்து கமராவில் பார்த்துக்கொண்டிருந்தவர் வீட்டுக்காரி கமலாக்கா. அவரையும் சேர்த்தால் நான்கு பேர். ஜிம்மி நாய். அதையும் ஒரு ஆளாகக் கணக்கெடுக்கலாமோ என்று கேட்பவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேறு ஒருவரும் நிற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லுவதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது ஊருக்குள் இந்தக் கதையைச் சொல்கிற பலர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்கிறார்கள். நின்றிருந்தால் ஒருவராவது நாயைப் பிடித்திருப்பார்.

நான் வோட்டர் மோட்டர் திருத்துகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு வைண்டிங் கடையில் சேர்ந்தேன். இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சொந்தமாகச் சின்னக் கடை ஒன்று. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பொடியள் கரண்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். கரண்டுக்கு மெயினை ஓப் பண்ணலாம். நாய்க்கு அப்படி ஒரு சுவிட்ச் இல்லை. மோட்டர் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் இருக்கும். வெய்யிலுக்கு நாயும் அங்கேதான் படுத்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. ஒழுகின மோட்டர்

மோட்டர் சத்தம் போடுகிறது, கீழே ஒழுகுகிறது என்று கமலாக்கா லண்டனில் இருந்து கோல் எடுத்துச் சொன்னார். வீட்டில் இருக்கிற இரத்தினம் அண்ணைக்கு அது தெரியாது. கமராவில் தெரிந்ததாம்.

போய்ப் பார்த்தேன். தண்ணீரைத் தடுக்கிற சீல் தேய்ந்து, பம்புக்கும் மோட்டருக்கும் நடுவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் உள்ளே போய், மோட்டரைச் சுழல விடுகிற பெயரிங்கும் பழுது. பல மாதத்து ஒழுக்கு. பம்புக்குக் கீழே சீமெந்தெல்லாம் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சையில்தான் ஜிம்மி படுத்திருந்தது. மண்ணிற நாய், ஒரு காது மடிந்திருக்கும்.

நாய் கடிக்குமோ என்று கேட்டேன். நான் எந்த வீட்டிலும் கேற்றடியில் ஒரு தரம், கிணற்றடியில் ஒரு தரம் கேட்கிறவன்.

"சீ, அது ஒருத்தரையும் கடிச்சதில்லை," என்றார் இரத்தினம் அண்ணை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இஞ்சை ஒருத்தரும் வாறதும் இல்லை" என்றார்.

ஜிம்மியை மெல்லக் கலைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். புதுச் சீல், இரண்டு பெயரிங், உள்ளே துப்பரவு. பூட்டி ஓன் பண்ணினேன். சத்தம் இல்லை. ஒழுக்கு இல்லை. நல்ல வேலை என்று நானே நினைத்தேன். நான் அப்படி நினைக்கிற ஆள் இல்லை. திருத்திவிட்டு வீட்டுக்குப் போனாலும் நட்டை இறுக்கினேனோ என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன்.

பழைய துணியால் கீழே கிடந்த ஈரத்தைத் துடைக்கக் குனிந்தேன். அப்போதுதான் ஜிம்மி பின்னால் வந்து கெண்டைக்காலில் கடித்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை. ஒரே கடி. கடித்துவிட்டு பம்புக்குக் கீழே போய் மணந்து பார்த்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தது. அது என்ன பார்வை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கூரைக்குக் கீழே சுவரில் பூட்டியிருந்த கமராவில் இருந்து குரல் வந்தது.

"இரத்தினம் அண்ணை, ஜிம்மிக்கு என்ன?"

"ஜிம்மிக்கு ஒண்டும் இல்லை பிள்ளை. மோட்டர்க்காரத் தம்பிக்குத்தான் கடி."

"வாலை மிதிச்சவரோ?"

நான் இல்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். தான் ரெக்கோடிங்கைப் போட்டுப் பார்ப்பதாகச் சுவர் சொன்னது.

இரத்தினம் அண்ணை காயத்துக்கு அப்பக் குசினியில் இருந்து கோப்பித்தூள் கொண்டுவந்தார். கமலாக்கா அதற்கு விடவில்லை. ஒன்றையும் அப்பாமல், சவுக்காரம் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு நல்லாய்க் கழுவிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி. பொடியள் இதை மனதில் வைத்திருங்கள். கழுவத் தண்ணீர் நல்ல பிரஷரில் வந்தது.

2. பில் இல்லாத வைத்தியம்

கால் வலியில் மோட்டச்சைக்கிளை உதைக்க ஏலாது. ஓட்டோ பிடித்தோம். ஏறும்போது கமலாக்கா இரத்தினம் அண்ணையின் போனில் என்னோடு கதைத்தார்.

"தம்பி, என்ரை நாய் கடிச்சது. செலவு என்ரை. எவ்வளவு எண்டாலும் யோசிக்காதேயும். பில்லை மட்டும் அனுப்பும்."

நல்ல மனம். அந்தச் சொல்லை நம்பித்தான் போனேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஒரு பொம்பிளைப் பிள்ளை, இளம் டொக்டர். நாய் யாருடையது, ஊசி போட்டதோ என்று கேட்டார். ஜிம்மியின் தடுப்பூசி அட்டையை இரத்தினம் அண்ணை கையோடு கொண்டுவந்திருந்தார். வருடாவருடம் ஒழுங்காகப் போட்டிருந்தது. என் பிள்ளைகளின் அட்டை அவ்வளவு ஒழுங்கு இல்லை.

டொக்டர் காயத்தைத் துப்பரவாக்கி, டெட்டனஸ் வராமல் ஏற்பூசி போடச் சொன்னார். விசர்நாய்க்கடி ஊசி இப்போதைக்குத் தேவையில்லை என்றார். "நாயைக் கட்டி வைச்சு ரெண்டு கிழமை, பதினாலு நாள், பாருங்கோ ஐயா. ஒழுங்காத் திண்டு குடிச்சு நிண்டால் பயமில்லை. செத்தாலோ, ஓடிப்போனாலோ, குணம் மாறினாலோ உடனை இஞ்சை வாங்கோ, ஊசியைத் தொடங்குவம்."

எனக்கு அதில் கடைசிப் பகுதி மட்டும்தான் காதில் நின்றது.

பிறகு பில் கேட்டேன்.

"இஞ்சை பில் இல்லை ஐயா. எல்லாம் இலவசம்."

இலவசம் என்பது எனக்குத் தெரியும், ஆனால் காசு கொடுத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று ஒரு துண்டில் எழுதித் தர ஏலுமோ என்று கேட்டேன். டொக்டர் நேர்ஸைக் கூப்பிட்டு, எனக்குக் காய்ச்சல் இருக்கிறதோ என்று பார்க்கச் சொன்னார்.

ஒரு குளிசை மட்டும் அங்கே முடிந்துவிட்டது. வெளியே ஃபாமசியில் அறுநூற்று நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். அதற்குப் பில் இருந்தது. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

திரும்பி வருகிற ஓட்டோவில் இரத்தினம் அண்ணை கவலையாக இருந்தார். பில் இல்லாமல் லண்டனில் இருந்து ஒரு சதமும் பெயராது என்பது அவருடைய அனுபவம். தேங்காய் பிடுங்குகிறவனிடமே பில் வாங்கி அனுப்புகிறவர் அவர். பேசாமல் ஒரு பிரைவேட் இடத்தில் போய் ஊசி போட்டால் நீளமான பில் வரும் என்றார். ஆனால் அங்கே முதலில் நான் காசு கட்ட வேண்டும். என்னிடம் இருந்த காசு சீலுக்கும் பெயரிங்குக்கும் கடையில் கொடுக்க வேண்டிய காசு. காசு கொடாமல் வைத்தியம் செய்தால் பில் இல்லை. பில் வேண்டுமென்றால் கையில் காசு இல்லை. ஓட்டோக்காரனிடம் பில் கேட்டேன். அவன் என் காலைப் பார்த்து, என்ன நாய் அண்ணை கடித்தது என்று கேட்டான்.

3. நாயைப் பார்த்தல்

அன்றைக்கே ஜிம்மியைப் பின்வளவு மாமரத்தில், கமராவுக்குத் தெரிகிற மாதிரிக் கட்டினோம். ஒரு பக்கம் கமலாக்கா பார்த்தார். மற்றப் பக்கம் நான்.

வீட்டில் மனைவி சோறு போட்டுவிட்டுத் தண்ணீர் வைத்தாள். நான் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசர்நாய்க்கடி என்றால் தண்ணீரைக் கண்டால் பயம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு இப்போது வருகிறதோ என்று பார்த்தேன். கொஞ்சம் வருகிற மாதிரி இருந்தது. எடுத்து மடக்கென்று குடித்தேன். குடிக்க முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இப்போதும் முடியுமோ என்று இன்னொரு செம்பு. தண்ணீருக்குப் பயம் வந்தால் உயிர் போவது ஒரு பக்கம். வோட்டர் மோட்டர்க்காரன் கிணற்றடிக்கே போக ஏலாமல் எப்படிச் சீவிப்பது?

"கலியாணம் கட்டின நாளிலை இருந்து நீங்கள் எல்லாத்துக்கும் பயம்," என்றாள் மனைவி. "தண்ணி ஒண்டுதான் மிச்சமா இருந்தது."

அடுத்த நாள் காலையில் கமலாக்காவுக்குக் கோல் எடுத்தேன். டொக்டர் சொன்னது சரிதான், ஆனாலும் ஒரு மன ஆறுதலுக்கு இப்போதே பிரைவேட்டில் ஊசியைப் போட்டால் என்ன, காசை முதலில் அனுப்புவீர்களோ என்று கேட்டேன்.

"தம்பி, தேவையான வைத்தியத்துக்கு நான் காசு தாறன். உம்மடை பயத்துக்கு என்னாலை தர ஏலாது. அதுக்கு உலகத்திலை ஒருத்தராலையும் கட்டுப்படியாகாது."

அவர் சொன்னதில் பிழை சொல்ல முடியவில்லை. ஆனால் அதோடு கணக்குத் தெளிவாகிவிட்டது. ஜிம்மி நல்லாய் இருந்தால் நானும் நல்லாய் இருப்பேன். ஜிம்மிக்கு ஒன்று வந்தால் எனக்கும் வரும். என்னைக் கடித்த நாய்க்கு நீண்ட ஆயுளைக் கொடு என்று அன்றைக்குக் கோயிலில் கும்பிட்டேன். ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டபோது நாக்கு நுனி வரைக்கும் ஜிம்மி வந்துவிட்டது.

4. சட்டி

மத்தியானம் கோப்பாய்க்குப் போனேன். இரத்தினம் அண்ணை சோறும் மீன்குழம்பும் வைத்தார். ஜிம்மி தின்றது. எனக்கு அரைவாசி உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் இருந்தது. நிறைய இருந்தது.

"இது குடிச்சதோ அண்ணை?"

"நேற்று வைச்சது. அப்பிடியே கிடக்கு."

சட்டியைத் தூக்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். ஜிம்மி முகத்தைத் திருப்பியது. நான் அந்தப் பக்கம் போனேன். அது இந்தப் பக்கம் திருப்பியது. தண்ணீரை மாற்றினேன், சட்டியை மாற்றினேன். தகரப் பேணியில் வைத்தோம், சிரட்டையில் வைத்தோம். ஹோசைப் பிடித்து மெல்லமாக விட்டுப் பார்த்தேன். ஜிம்மி எழும்பி, கயிறு விட்ட தூரத்துக்குப் பின்னால் போய் நின்றது.

"தண்ணியைக் கண்டு பயப்பிடுது அண்ணை."

"ஹோசைக் கண்டால் முந்தியும் உப்பிடித்தான் ஓடும். நான் ஹோசாலைதான் முழுக வார்க்கிறனான்."

"முந்தி எங்கை தண்ணி குடிச்சது?"

இரத்தினம் அண்ணை தலையைச் சொறிந்தார். அவர் சோறு வைப்பார். தண்ணீரை அது தன்பாட்டில் எங்கேயோ பார்த்துக்கொள்ளும். இவ்வளவு காலமும் சாகாமல் இருந்தபடியால் எங்கேயோ குடித்துத்தான் இருக்க வேண்டும் என்றார்.

அதற்கடுத்த நாள் போனபோதும் சட்டி நிறையத் தண்ணீர். ஜிம்மி சோற்றையும் மணந்துவிட்டு விட்டுவிட்டது. வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு படுத்திருந்தது. குணம் மாறினால் உடனே வரச் சொன்னவர் டொக்டர். இனி யோசிக்க ஒன்றும் இல்லை. கமராவைப் பார்த்து, "அக்கா, நாய்க்கு வந்திட்டுது, நான் ஊசிக்குப் போறன்" என்று சொல்லிவிட்டு ஓட்டோவைக் கூப்பிட்டேன்.

கமலாக்கா அந்த முறை பயத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. "போம் தம்பி, கெதியாப் போம்" என்றார். குரல் தழதழத்தது. அது எனக்காகவோ ஜிம்மிக்காகவோ தெரியாது. எனக்காகவும் கொஞ்சம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

5. ரெக்கோடிங்

ஓட்டோ பாதி வழி போயிருக்கும். போன் அடித்தது. கமலாக்கா.

"தம்பி, ஓட்டோவை நிப்பாட்டும். நான் போன கிழமையின்ரை ரெக்கோடிங்கைப் போட்டுப் பாத்தனான். வாலை மிதிச்சனீரோ எண்டு பாக்கத்தான் எடுத்தனான், பேந்து பின்னுக்குப் பின்னுக்குப் போய்ப் பாத்தன். ஜிம்மி நெடுக பம்புக்குக் கீழை தலையை விடுது. விட்டிட்டு நாக்காலை வாயைத் துடைச்சுக்கொண்டு வருது. அங்கை என்ன இருக்கு?"

அங்கே இப்போது ஒன்றும் இல்லை. இருந்தது. சொட்டுச் சொட்டாக, குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர், பல மாதமாக. இத்தனை மாதமும் ஜிம்மி குடித்தது அந்த ஒழுக்கைத்தான். அதைத்தான் நான் புதுச் சீல் போட்டு அடைத்து, மிச்சம் இருந்த ஈரத்தையும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். நல்ல வேலை என்று வேறு நினைத்தேன்.

"அக்கா, அது ஒழுக்கிலை தண்ணி குடிச்சிருக்கு. நான் ஒழுக்கை நிப்பாட்டிப்போட்டன்."

லண்டனில் இருந்து உத்தரவு வந்தது.

"அப்ப உடனை போய் ஒழுகப் பண்ணும்."

முப்பது வருடத் தொழிலில் ஒரு மோட்டரை ஒழுகப் பண்ணச் சொல்லி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. ஓட்டோவைத் திருப்பினோம். ஊசிக்குப் போகாமல் திரும்புகிறேனே, இது வேறு ஏதும் என்றால் என்ன செய்வது என்று என் மனம் அடித்துக்கொண்டது. இந்த ஒரு சோதனையைப் பார்ப்பது, குடிக்காவிட்டால் அதே ஓட்டோவில் ஆஸ்பத்திரி என்று ஓட்டோக்காரனையும் கேற்றடியில் நிற்பாட்டி வைத்தேன். அவன் வெயிட்டிங் சார்ஜ் என்றான். சரி என்றேன்.

பழைய சீல் டூல்ஸ் பெட்டிக்குள் கிடந்தது. மெயினை ஓப் பண்ணி, பம்பைக் கழற்றி, புதுச் சீலை எடுத்து, தேய்ந்த சீலை வைத்துப் பூட்டினேன். முதல் பூட்டில் ஒழுகவில்லை. பழைய சாமான்கள் தேவையான நேரத்தில் நல்லாய் வேலை செய்யும். திரும்பக் கழற்றி, கொஞ்சம் பிழையாகப் பூட்டினேன். பிழையாகப் பூட்டுவது சரியாகப் பூட்டுவதை விடக் கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஓன் பண்ணினேன். ஒரு சொட்டு வந்தது. பிறகு ஒன்று.

இரத்தினம் அண்ணை கயிற்றோடு ஜிம்மியைக் கூட்டிவந்தார். ஜிம்மி என்னைப் பார்த்தது. நான் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். அது பம்புக்குக் கீழே தலையை விட்டது. நக்குகிற சத்தம் கேட்டது. நிற்பாட்டாமல் கேட்டது. நான் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன்.

சுவரில் இருந்து அழுகிற சத்தம் வந்தது. இரத்தினம் அண்ணை தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்துவிட்டு, வேர்வை என்றார்.

வயிறு நிறையக் குடித்துவிட்டு ஜிம்மி சட்டியில் கிடந்த தண்ணீரையும் ஒரு தரம் எட்டிப் பார்த்தது. குடிக்கவில்லை.

மனம் கேட்காமல் அன்று பின்னேரமே டொக்டர் பிள்ளையிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் மேசையில் தலையைக் கவிழ்த்து வைத்துச் சிரித்தார். பிறகு நிமிர்ந்து, நாய் திரும்பச் சாப்பிடுகிறதோ, நடக்கிறதோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, மிச்ச நாளையும் கவனமாகப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ஜிம்மி மிச்ச நாள் எல்லாம் பம்படியில் கட்டியபடியே கிடந்தது. தின்றது, குடித்தது, என்னைக் கண்டால் உறுமியது. அந்த உறுமல் எனக்கு ஆறுதலாக இருந்தது. குணம் மாறவில்லை.

6. கணக்கு

இரண்டு கிழமைத் தவணை முடிந்து, இனிப் பயமில்லை என்று டொக்டர் சொன்ன பிறகு, புதுச் சீலைத் திரும்பப் பூட்டப் போனேன். ஜிம்மியை அவிழ்த்து விட்டிருந்தார்கள். அது பம்புக்கு முன்னால் வந்து நின்றது. நான் ஸ்பனரை எடுத்தேன். அது பல்லைக் காட்டியது. இரத்தினம் அண்ணையைப் பிடிக்கச் சொன்னேன். உமக்குத்தான் அதோடு பழக்கம் என்று அவர் விறாந்தையில் ஏறி நின்றார். ஸ்பனரைப் பெட்டியில் வைத்தேன்.

சரி, செய்த வேலைக்குக் காசைத் தாருங்கள் என்று கமராவைக் கேட்டேன்.

"மோட்டர் ஒழுகுதெல்லோ தம்பி. ஒழுகிற மோட்டருக்கு எப்பிடிக் காசு தாறது?"

"நீங்கள்தானே அக்கா ஒழுகப் பண்ணச் சொன்னனீங்கள்."

"ஓம், சொன்னனான். அது மோட்டர் வேலை இல்லையே. நீர் ஊசி போடாமல் தப்பினது அதாலைதான். அது வைத்தியச் செலவு." கொஞ்சம் நிற்பாட்டினார். "வைத்தியச் செலவு நான் தாறன் எண்டு சொன்னனான்தான். பில் இருக்கோ?"

அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை. குளிசைப் பில்லை அனுப்பியவுடன் அறுநூற்று நாற்பது ரூபாயும் அடுத்த நாளே வந்துவிட்டது, சில்லறை குறையாமல். அதனால் கடைக்கு வந்து என்னுடைய பில் புத்தகத்தை எடுத்தேன். மேலே மோட்டர் திருத்தம் என்று அச்சடித்திருந்ததை வெட்டிவிட்டு வைத்தியம் என்று எழுதினேன். சீல் ஆயிரத்து நானூறு. பெயரிங் இரண்டுக்கும் சேர்த்து ஆயிரத்து ஐநூறு. கூலி இரண்டாயிரத்து ஐநூறு. ஓட்டோ, வெயிட்டிங்கோடு, ஆயிரத்து நானூறு. பழைய சீலைப் பிழையாகப் பூட்டியது முந்நூற்று ஐம்பது. நோயாளி பெயர் எழுத வேண்டும் என்று இரத்தினம் அண்ணை சொன்னார். என் பெயரை எழுதினேன். பிறகு யோசித்து, பக்கத்தில் ஜிம்மி என்றும் எழுதினேன்.

தொழிலுக்கு வருகிற பொடியளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு ஒழுக்கை நிற்பாட்டுவதற்கு முதல், அதில் யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று சுற்றிப் பாருங்கள். கடித்தால் சவுக்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காசைப் பிறகு யோசிக்கலாம். நானும் பிறகுதான் யோசிக்கிறேன்.

பில் லண்டனுக்குப் போய்விட்டது. கமலாக்கா பார்த்துவிட்டார். கூலி கூடவோ என்று யோசிக்கிறாராம். வர வேண்டியது ஏழாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.